நாலாவது வரிசைப் பெண்கள்

சீசன் ஆரம்பித்துவிட்டது. வெள்ளி, சனிக்கிழமைகளில் யாராவது எனக்குப் போன் செய்து நான் எடுக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். லபான் அரங்கில், ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக உட்கார்ந்திருப்பேன். வெளியே அக்டோபர் வெயில் இதமாகத்தான் இருக்கிறது. உள்ளேதான் மார்கழி.

மகள் வீட்டோடு மாடிசனுக்கு வந்த புதிதில் பேத்திதான் என்னை முதன்முதலில் அங்கே இழுத்துப் போனாள். ஹாக்கி என்றால் எனக்குத் தெரிந்தது புல்தரை ஹாக்கி. இங்கே பனிக்கட்டி மேல் பெண்பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு பறந்தார்கள். கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறது என்றே என் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. வட்டைப் பார்க்கக்கூடாது, ஆட்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2025 வரை எட்டு முறை தேசியக் கோப்பையை வென்றிருந்தது. எட்டும் மார்க் ஜான்சன் கோச்சாக இருக்கும்போது வந்தவை. 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் தோற்கடித்தார்களே, அந்த மேட்சில் இரண்டு கோல் போட்டவர் இவர்தான். 2002 முதல் இந்த அணியோடு இருக்கிறார். ஆட்டம் நடக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. நம் ஊர் ஹெட்மாஸ்டர் மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

போன சீசனில் இந்த அணி தோற்றது ஒரே ஒரு மேட்ச். அதனால் இந்த வருடம் எல்லோருக்கும் எதிர்பார்ப்பு ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது. ஆனால் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை என்ற விருதை வாங்கிய கேசி ஓ'பிரையன் படிப்பை முடித்துப் போய்விட்டார். அவர் இடத்தில் யார் என்பதுதான் கேள்வி.

இதுவரை பார்த்ததில் என் அபிப்பிராயம் இது. முன்வரிசை பற்றிக் கவலையே இல்லை. கேரோலைன் ஹார்வி தடுப்பாட்டக்காரர்தான், ஆனால் வட்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கோல் வரை போய்விடுகிறார். லைலா எட்வர்ட்ஸின் நீண்ட கைகளுக்கு எட்டாத வட்டு இல்லை. பிரச்சினை கடைசி வரிசையில். புதுப் பெண்கள் நன்றாகச் சறுக்குகிறார்கள், ஆனால் தங்கள் பக்கத்திலிருந்து வட்டை வெளியே எடுக்கும்போது பதறுகிறார்கள். ஒரு விநாடி யோசித்தால் போதும், எதிராளி வந்து பறித்துவிடுகிறாள்.

போன வாரம் அதுதான் நடந்தது. கடைசிப் பகுதி, நம் அணி ஒரே ஒரு கோல் முன்னால். முதல் வருடப் பெண் ஒருத்தி வட்டைத் தவறவிட்டாள். கோல்கீப்பர் காப்பாற்றினார். அந்தப் பெண் பெஞ்சுக்கு வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். மூன்று நிமிடம் கழித்து கோச் அவளையே மறுபடி இறக்கினார்.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்குக் கோபம். "என்ன மாமா இது, ஸ்டார் எல்லாம் பெஞ்சில், இவளை எதற்கு அனுப்புகிறார்?" என்றார். அரங்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் முணுமுணுத்தார்கள்.

நான் கோச் பக்கம். இந்த விளையாட்டில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் களத்தில். முக்கால் நிமிடத்துக்கு மேல் யாராலும் முழு வேகத்தில் ஓட முடியாது. வரிசை வரிசையாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நாலாவது வரிசையை நம்ப முடியாத அணி, முதல் வரிசையைக் களைப்படைய வைத்துத் தோற்கும். அதிலும் இது ஒலிம்பிக் வருடம். பிப்ரவரியில் மிலான் நகரில் போட்டி. ஹார்வி, எட்வர்ட்ஸ், கிர்ஸ்டன் சிம்ஸ் மூவரும் அமெரிக்க அணிக்கும் ஆடுகிறவர்கள். அவர்கள் கிளம்பிவிட்டால், கல்லூரி லீக்கின் நெருக்கடியான வாரங்களில் இந்தச் சின்னப் பெண்கள்தான் தாங்க வேண்டும். அக்டோபரில் தவறு செய்ய விடாமல் பிப்ரவரியில் திடீரென்று தூக்கி இறக்கினால் எப்படி?

சிம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 இறுதிப் போட்டி ஒன்றுக்குச் சைபர். அந்த ஒரே கோலைப் போட்டது அப்போது முதல் வருட மாணவியான அவர்தான். 2025 இறுதிப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட் ஒரு கோல் முன்னால், ஆட்டம் முடிய 20 விநாடி கூட இல்லை. பெனால்டி ஷாட் கிடைத்தது. கோச் சிம்ஸை அனுப்பினார். கோல். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலும் அவரே. அந்தத் தைரியம் அன்றைக்கு ஒரு நாளில் வந்ததா? சின்னப் பெண்ணாக வந்தபோதே நம்பி இறக்கியதால் வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது முக்கியமான கோப்பு எதையும் ஜூனியர்கள் கையில் விட்டதில்லை. தப்பு வந்துவிடும் என்று நானே எழுதுவேன். ஓய்வு பெற்ற பிறகு மூன்று மாதம் தினமும் போன் வந்தது: "சார், இதை எப்படிப் போடுவது?" அப்போது எனக்கு ஒரே பெருமை, நான் இல்லாமல் ஆபீஸ் நடக்கவில்லை என்று. ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான், "சார், இருக்கும்போதே ஒரு தடவை காட்டியிருக்கலாமே?" அன்றைக்கு அதைத் துடுக்குத்தனம் என்று நினைத்தேன். அவன் சொன்னது சரி என்று எனக்கு உறைத்தது, இந்தக் குளிர் அரங்கத்தில் ஒரு கோச், தப்புச் செய்த பெண்ணை மறுபடி இறக்கியதைப் பார்த்தபோதுதான்.

அந்த மேட்சில் ஜெயித்தோம். தோற்றிருந்தாலும் என் கட்சி மாறியிருக்காது.

நம் வயதுக்காரர்கள் சனிக்கிழமை சீரியலை ஒரு வாரம் விட்டுவிட்டு என்னோடு வாருங்கள். என் பக்கத்தில் இடம் இருக்கும். நட்சத்திரங்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அந்த நாலாவது வரிசையைப் பாருங்கள். குல்லா மறக்க வேண்டாம்.