பதினேழு வயதில் ஒரு நிர்ணயம்

கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கணக்கிடப்படும் பொறியியல் சேர்க்கைக் கட்-ஆப் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, செயற்கை நுண்ணறிவா, இணையப் பாதுகாப்பா, தரவு அறிவியலா என்று வீட்டார் கூடி விவாதிக்கையில், அவ்வித்தைகள் எவற்றை ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன என்பதைச் சற்றும் அறிந்திராத பதினேழு வயது மாணவன் தன் ஆயுட்காலத் தொழிலை நிர்ணயித்துவிடுகிறான்.

விசேஷப் பயிற்சியே கூடாதென்பது நம் அபிப்பிராயமன்று; 1794-ல் சென்னையில் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரியே நில அளவை என்னும் ஒரு தொழிலைக் கற்பிக்கும் பள்ளியாகத்தான் ஆரம்பமாயிற்று. பருவம்தான் கேள்வி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் அனைவரும் முதலிரண்டு ஆண்டுகள் இயந்திரம், கட்டுமானம், மின்சாரம், பொருள்களின் தன்மை ஆகிய யாவற்றையும் பொதுவாகப் பயின்ற பின்னரே தத்தம் துறையில் பிரவேசிக்கிறார்கள். நம்மிடமோ முதலாண்டுப் பொதுப்பாடங்கள் எப்படியாவது தீர்த்துவிட வேண்டிய கடனாகவே பாவிக்கப்படுகின்றன.

ஆலையில் ஒரு ரோபோ கை குறித்த இடத்தில் நில்லாமல் அதிரும்போது, பிழை நிரலிலா, மோட்டாரின் விசையிலா, பற்சக்கரத்தின் தேய்மானத்திலா என்று கண்டறிய வேண்டியவனுக்கு இம்மூன்றிலும் பரிச்சயம் அவசியம்; நிரல் மட்டுமே அறிந்தவன், பாவம், நிரலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பான்.

இடங்கள் துறைவாரியாகப் பகுக்கப்பட்டுள்ள இன்றைய ஏற்பாடு மாறுதலுக்கு இடையூறென்பது மெய்யே; ஆயினும், துறைத் தேர்வை இரண்டாமாண்டு இறுதிவரை ஒத்திவைக்கும் முறையை அரசுக் கல்லூரிகள் சிலவற்றிலேனும் பரீட்சார்த்தமாக வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.