சாலை பந்தயத் திடலன்று

குறைந்த செலவில் டர்போ பொருத்தித் தருமாறு மகன் பணம் கேட்டால், பெற்றோரே, ‘சிக்கனம்’ என்னும் சொல்லில் மயங்காதீர். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. எரிபொருளும் குளிர்விப்பும் அதற்கீடாக அமையாவிடில் பிஸ்டனே உருகும். எஞ்சினுக்குக் கொட்டியபின் பிரேக்குக்குக் காசிராது.

எஞ்சின் நுட்பம் கற்பது போற்றத்தக்கதே. அதைச் சோதிக்க, தேசிய டிராக் பந்தயங்கள் நடந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. வடலூர்–நெய்வேலி நெடுஞ்சாலை அதற்குரியதன்று. அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி, முதன்முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். வேலை முடிந்து சைக்கிளில் எதிரே வரும் சுரங்கத் தொழிலாளியின் உயிரை எதைக்கொண்டு ஈடுகட்டுவோம்? உயிர் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். சாவியைக் கொடுக்குமுன் தந்தை அதை எண்ணட்டும்.