நடுத்துண்டு யாருக்கு?

சனி, ஞாயிறு கடற்கரைக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை வியாழக்கிழமையே தொடங்கிவிடுகிறது. மீனுக்கு மசாலா அரைத்து டப்பாவில் அடைக்க வேண்டும். வழியில் சாப்பிடப் புளியோதரை கிளற வேண்டும். மாமனாருக்கு இட்லி மாவு, மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை, குழந்தைக்கு நொறுக்குத்தீனி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளின் விளம்பரங்களில் 'சமையலறை வசதி உண்டு' என்று போட்டிருப்பார்கள். யாருக்கு வசதி? எனக்கு அந்த வரி, 'இங்கேயும் நீதான் சமைக்கணும்' என்றுதான் கேட்கிறது.

மாமல்லபுரத்துக்கு நாங்கள் நான்கு குடும்பங்களாகப் போனோம். ஆண்கள் மீன் வாங்கி வந்தார்கள். பேரம் பேசி விலையைக் குறைத்த கதையை அன்று முழுக்கச் சொன்னார்கள். கழுவியதும் பொரித்ததும் பரிமாறியதும் பெண்கள் நாங்கள் நால்வர். கடல் எங்களுக்கு அடுப்படி ஜன்னல் அளவுக்குத் தெரிந்தது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்றரை. வஞ்சிரத்தின் நடுத்துண்டுகள் தீர்ந்திருந்தன. "உனக்குத்தான் வால் துண்டு பிடிக்குமே" என்றார் என் கணவர். எனக்கு வால் துண்டு பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

நம் அம்மாக்களுக்கும் இப்படித்தான் கருகிய தோசை பிடித்தது, ஆறிய சோறு பிடித்தது, சட்டி வழித்த குழம்பு பிடித்தது. இத்தனை பெண்களுக்கும் மிச்சம் மட்டுமே எப்படிப் பிடித்துப்போனது என்று எந்த வீட்டிலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா?

"அவள் ஆசையாகத்தானே சமைக்கிறாள்" என்பார்கள். ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். ஆசை அவ்வளவு நல்லதென்றால் அதில் கொஞ்சத்தை ஆண்களும் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிலக்கும் பிரசவமும் காரணம் என்பார்கள். சரி, அப்படியானால் சத்து அதிகம் தேவைப்படுகிறவளின் தட்டில்தானே மீன் முதலில் விழ வேண்டும்?

"ஹோட்டலில் சாப்பிட்டால் தீர்ந்தது" என்றும் சொல்வார்கள். தீராது. அங்கேயும் அவள் குழந்தைக்கு முள் எடுத்து ஊட்டிவிட்டு, குழந்தை வைத்த மீதியைச் சாப்பிடுகிறாள். மெனுவின் வலது பக்கத்து விலையைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்கிறாள். வழியில் சுத்தமான கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறாள். விருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தாகத்தையும் பேசட்டும்.

நம் தட்டுக்கு மீன் வருகிற வழியிலும் ஒரு பெண் நிற்கிறாள். கடலுக்குப் போகிறவர் ஆண் என்றால், அந்த மீனைக் கூடையில் தூக்கித் தெருத்தெருவாக விற்பது பெரும்பாலும் பெண். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவரை, நாற்றமடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்திருந்த பேருந்து அது. பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் நம் தட்டில் மணக்கும் மீன் அவர் உடம்பில் மட்டும் ஏன் நாறுகிறது? கடற்கரையில் போய்ப் பேரம் பேசி மார்தட்டிக்கொள்கிறவர்கள் யாருடைய கூலியில் கை வைக்கிறார்கள்?

தோழிகளே, அடுத்த சனிக்கிழமை பெண்கள் மட்டும் போவோம். சமையலறை இல்லாத இடமாகப் பார்ப்போம். கையில் காசில்லை என்றால் டவுன் பஸ்ஸில் மெரினாவுக்குப் போய்ப் பொரித்த மீன் வாங்கித் தின்போம். மீன்காரம்மா சொல்லும் விலையைக் கொடுப்போம். ஒரு மணிக்கெல்லாம், சூடாக, உட்கார்ந்து சாப்பிடுவோம். கல்லூரி விடுதியில் இருக்கும் தங்கைகளையும் கூப்பிடுவோம். மாலை ஆறு மணிக்குள் விடுதி திரும்ப வேண்டும் என்ற விதி அவர்களுக்கு மட்டும் ஏன் என்று வார்டனிடம் கேட்பதற்குத் தெம்பு வரட்டும்.

கிளம்பும்போது வீட்டில், "நாங்க என்ன சாப்பிடுறது?" என்று கேட்பார்கள். அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, கேஸ் இருக்கிறது. ஃபிரிட்ஜில் எதையும் செய்துவைக்காமல் கிளம்புங்கள்.