வாசலுக்கு எதற்கு இத்தனை வேஷம்?

இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். ஆரணியில் அதைக் கண்ணால் பார்த்தவர்தான் கிடையாது. செப்டம்பர் முடிந்து அக்டோபர், நவம்பர் வந்தால் இங்கே இலை உதிராது, துளிர்க்கும். வேப்பமரம் மொட்டையாக நிற்பது மாசி, பங்குனியில். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கும் பழந்தமிழில் கூதிர் என்று பெயர். குளிர்ந்த காற்று, விட்டு விட்டுத் தூறல், நாலு நாள் ஆனாலும் காயாத துணி... அதுதான் கூதிர். தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழையில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது.

அமெரிக்காவில் இதே மாதங்களில் வீட்டு முகப்பை அலங்கரிப்பது பெரிய சடங்கு. படிக்கட்டில் மஞ்சள் பூசணிக்காய், தூணோடு சேர்த்துக் கட்டிய காய்ந்த சோளத்தட்டை, தொட்டி தொட்டியாகச் சாமந்தி, கதவில் காய்ந்த இலைகளால் செய்த வளையம். அக்டோபர் 31 ஹாலோவீன் வந்தால் பூசணியைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள். (அயர்லாந்தில் இந்தப் பழக்கம் இருந்தபோது அவர்கள் குடைந்தது பூசணியை அல்ல, டர்னிப் கிழங்கை. அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பூசணி அகப்பட்டது.)

வேடிக்கை என்னவென்றால், இதில் எதுவும் தமிழ் வாசலுக்குப் புதிதில்லை. ஆயுத பூஜைக்குப் போட்டி போட்டு வாங்குவது அதே சாமந்தியைத்தான். கட்டி முடிக்காத வீட்டின் முன்னால் உருட்டு விழியும் கோரைப் பல்லும் வரைந்து தொங்கவிடும் திருஷ்டிப் பூசணி, ஹாலோவீன் பூசணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். என்ன, இங்கே அது வெள்ளைப் பூசணி, அதாவது கல்யாணப் பூசணி. ஆக, யாரையும் பார்த்துக் காப்பியடிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஊரில், நவராத்திரி தொடங்கிக் கார்த்திகை வரை வாசலுக்கு ஏன் இத்தனை வேஷம் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

வேஷம் என்றால் எது? நைலான் மாவிலைத் தோரணம். தரையில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம். வருஷம் முழுக்க வாடாத பிளாஸ்டிக் சாமந்திச் சரம். விட்டு விட்டு எரியும் சீரியல் பல்பு. அதோடு நிறுத்தினால்கூடப் பரவாயில்லை. பண்டிகைக்கு வீட்டை 'மாடர்னாக' ஆக்குகிறோம் என்று திண்ணையையே இடித்துவிட்டு வழவழ டைல்ஸ் ஒட்டி, முன்னால் இரும்பு கிரில் போட்டுப் பூட்டு தொங்கவிடுகிறார்கள்.

மற்ற ஊர்களில் இதை ரசனைப் பிரச்சினை என்று விட்டுவிடலாம். ஆரணி நெசவுத் தெருக்களில் அப்படி விட முடியாது. ஏனென்றால் அங்கே வாசல் என்பது வேலை செய்யும் இடம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற இந்த ஊருக்கு வெளியில் இரண்டு பெயர். ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கிய சேலை. ஆரணி அரிசி என்றால் சென்னை மளிகைக் கடைகளில் தனி மரியாதை. பட்டுக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெசவாளி வீட்டு வாசலில்தான் இரண்டும் சந்திக்கின்றன.

ஆறு கெஜச் சேலை என்றால் ஐந்தரை மீட்டர் நீளம். பாவு, ஒரே ஒரு சேலைக்காகப் போடுவதில்லை. மூன்று சேலைக்கான பாவு என்றால் பதினாறு, பதினேழு மீட்டர் வந்துவிடும். எந்த நெசவாளி வீட்டுக்குள் அவ்வளவு நீளம் இருக்கிறது? அதனால் தெருதான் கூடம். பனி விலகும் நேரத்தில் பாவைத் தெருவில் நீட்டி இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, அரிசிக் கஞ்சி பூசிக் காயவிடுவார்கள். கஞ்சி ஏறினால்தான் மெல்லிய பட்டு இழை தறியில் அறுபடாமல் உராய்வைத் தாங்கும். இந்த வேலைக்கு வேண்டியது இரண்டே இரண்டு. காய்ந்த தெரு, கொஞ்சம் வெயில். ஐப்பசியில் இரண்டுமே தட்டுப்பாடு. மழை பிடித்துக்கொண்டால் பாவு நீட்ட முடியாது. குழித்தறி என்றால் கால் வைக்கும் குழியில் ஈரம் ஊறும், சில வீடுகளில் தண்ணீரே நிற்கும். தறி நின்றால் கூலியும் நின்றது. தீபாவளி வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

மழை விட்ட ஒரு காலை. பாவு தெருவுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் வாசல்கள். ஒரு வாசலில் அரக்கு, பச்சை, ஊதா என்று கடையில் வாங்கிய கலர்ப்பொடியில் ரங்கோலி. காற்று அடித்தால் அந்தப் பொடி எங்கே போகும்? கஞ்சி ஈரத்தோடு நிற்கும் இழைமேல் போய் ஒட்டும். அது சந்தன நிறப் பாவாக இருந்துவிட்டால் கதை முடிந்தது. இன்னொரு வாசலில் சாயம் போகும் கலர்க் காகிதத் தோரணம். கூரை நுனியில் தேங்கிய தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டினால் அதுவும் கறை. கறை விழுந்த சேலையைக் கொடுக்கப் போனால் கூலியில் பிடித்தம். பொடி யார் வீட்டுப் பொடி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது அதே வாசலில் அரிசி மாவுக் கோலம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் கொஞ்சம் மாவு பறந்து இழைமேல் உட்காருகிறது. என்ன கெட்டுவிடும்? இழைமேல் பூசியிருப்பதே அரிசிதானே! பாவுக்குக் கஞ்சியும் வாசலுக்குக் கோலமும் ஒரே பானையிலிருந்து வரக்கூடிய சமாச்சாரம். யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த ஏற்பாடா, தற்செயலா, அது வேறு விஷயம். நெசவுத் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம். அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் நொய்க்குப் பஞ்சமும் இல்லை.

மழைக்காலத்தில் கோலம் நிற்குமா என்று கேட்பார்கள். தெருவில் போட்டால் நிற்காதுதான். அதற்குத்தான் மாக்கோலம். ஒரு கைப்பிடி பச்சரிசியை ஊறவைத்து வெண்ணெயாக அரைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, சின்னத் துணியை அதில் முக்கி, மோதிர விரல் வழியாக இழை இழையாக இறக்குவது. ஈரத்தில் மங்கலாகத் தெரியும், காயக் காயப் பளீரென்று வெளுக்கும். சுற்றிலும் காவிக்கட்டை கரைத்து ஒரு கரை. வெள்ளை உடலும் செங்காவிக் கரையும், பார்த்தால் ஒரு சேலை மாதிரியே இருக்கும். இதைத் தெருவில் போடாமல் கூரை இறக்கத்துக்கு உள்ளே, திண்ணை மேலும் நிலைப்படி முன்னாலும் போட்டால் நாலைந்து நாள் அசையாது. ஒரே நிபந்தனை, தரை சிமெண்டாகவோ சிவப்புக் காவித் தரையாகவோ இருக்க வேண்டும். வழவழ டைல்ஸில் மாக்கோலம் பிடிக்காது, காய்ந்ததும் உதிரும். அதனால்தான் டைல்ஸ் வந்த வீட்டில் அடுத்த மாதமே ஸ்டிக்கர் வருகிறது. ஒரு செலவு இன்னொரு செலவைக் கையைப் பிடித்து அழைத்து வருவது இப்படித்தான்.

பி.காம். முதல் வருஷப் பாடம் ஒன்று இங்கே பொருந்தும். மூலதனச் செலவு என்பது பல வருஷம் பலன் தருவதற்குச் செய்வது, வருவாயினச் செலவு என்பது அந்த வருஷத்தோடு தீர்ந்துபோவது. பண்டிகை அலங்காரம் இயல்பாகவே இரண்டாவது வகை. இரண்டு ரூபாய் அரிசி, நாலு மாவிலை, ஒரு முழம் பூ. காலையில் போட்டால் போட்டதோடு சரி. அதைப் போய் டைல்ஸ், கிரில் என்று மூலதனச் செலவாக மாற்றும்போதுதான் கடன் வருகிறது. போகட்டும், அதில் ஏதாவது சொத்து சேர்கிறதா? திண்ணை என்கிற சொத்து கணக்கிலிருந்து போகிறது. வழிப்போக்கர் படுத்த காலம் போய்விட்டது, திண்ணைப் பள்ளிக்கூடம் போய்விட்டது, சரி. ஆனால் தார் சுற்ற வெளிச்சம் உள்ள இடம், மழையில் நனையாமல் சிக்கெடுக்க ஓர் இடம், மதியம் அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார ஓர் இடம், இதெல்லாம் எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாததால் இடிக்கும்போது நஷ்டமாகத் தெரிவதில்லை. கிரில் கம்பி ஐந்தாறு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்போது தேய்மானம் மட்டும் நன்றாகத் தெரியும்.

இதற்கு இரண்டு பதில்கள் வரும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

முதலாவது, 'எளிமையை எப்போதும் ஏழைக்கே உபதேசம் செய்வீர்களா? பெரிய வீட்டுக்காரன் மட்டும் விளக்கு போட்டுக்கொள்ளலாமா?' சரியான கேள்வி. நெசவாளி வீட்டில் ஆசைக்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ரசனை இல்லாமல் பிளாஸ்டிக் வாங்குகிறார்கள் என்று நினைத்தால் அது தப்பு. நாள் முழுக்க அரக்குக்கு எந்தப் பச்சை சேரும், உடலுக்கு எந்தக் கரை எடுக்கும், ஜரிகை எங்கே அளவோடு நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. உடல் முழுக்க ஜரிகை வைத்தால் சேலை விகாரமாகிவிடும் என்று தெரிந்தவர்கள், வாசலுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கை மறக்க வேண்டும்? அடுத்த வீட்டில் போட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இரண்டாவது, வேலை. இதுதான் கனமான பதில். மாவு அரைப்பதும் இழை இறக்குவதும் யார்? விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையை அனுப்பி, மிச்ச நேரமெல்லாம் தார் சுற்றும் அதே பெண்தான். ஸ்டிக்கர் கோலம் அவளுக்கு அரை மணி நேரத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்தது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. 'பாரம்பரியம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோலம் போடாதவர்கள்! ஆகவே அலங்காரம் எளிமையாக இருக்க வேண்டும் என்றால் உழைப்பிலும் எளிமையாக இருக்க வேண்டும். தெருவை அடைக்கும் கோலம் வேண்டாம். நிலைப்படி அளவுக்கு நாலு இழை போதும், மாக்கோலமாகப் போட்டால் தினமும் போட வேண்டியதும் இல்லை. அரிசியை ஆண்கள் அரைக்கலாம். மிக்ஸிக்கு ஆண் பெண் தெரியாது. :-)

ஆயுத பூஜைப் பூசணி பற்றியும் ஒரு வார்த்தை. தறிக்கும் நாடாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட கையோடு நடுத்தெருவில் பூசணியை உடைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். மழை ஈரத்தில் அது சோப்பு மாதிரி. வழுக்கி விழுவது பெரும்பாலும் டூ வீலரில் வருகிற யாரோ ஒருவர். திருஷ்டி கழிப்பவர்கள் ஓரமாக உடைத்து, கையோடு அள்ளிப்போட்டால் திருஷ்டி திரும்பி வந்துவிடாது.

கடைசியில் வருவது கார்த்திகை. திருவண்ணாமலையில் 2,668 அடி மலை உச்சியில் மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏறும் அந்த நிமிஷத்துக்காக மாவட்டமே காத்திருக்கும். மலையைப் பார்க்க முடியாத வீடுகளில் டிவியில் பார்த்துவிட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். கூதிர்க் காற்றில் அகல் நிற்காது என்பதால்தான் பழைய வீடுகளில் கதவுக்கு இரண்டு பக்கமும் சுவரில் விளக்கு மாடம் வைத்தார்கள். மழை படாது, காற்று அணைக்காது, சேலை நுனி படாது. இன்றைக்குப் புது வீடு கட்டும் கொத்தனாரிடம் மாடக்குழி வேண்டும் என்று சொன்னால், சுவர் எழுப்பும்போதே இரண்டு செங்கல் இடம் விட்டுவிடுவார். தனியாகச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டி முடித்த பிறகு கேட்டால்தான் உடைக்க வேண்டும்.

புது அகலை அப்படியே ஏற்றினால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும். முந்தின நாள் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு டஜன் அகல் வாங்கினால் குயவர் வீட்டுக்கும் அந்த மழைக்காலத்தில் கொஞ்சம் காசு போகும். அவர்களுக்கும் ஐப்பசியில் சூளை மூட்ட முடியாது, அதற்கு முன்னால் செய்து அடுக்கியதைத்தான் கார்த்திகையில் விற்றாக வேண்டும். திருவிழா முடிந்ததும் வெந்நீரில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிப் பரண் மேல் எடுத்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். திண்ணையில் எண்ணெய் சிந்தியிருந்தால் அதை மட்டும் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். மறுநாள் வெயில் அடித்தால் அங்கேதான் நூல் வந்து உட்காரும்.