பல்லுக்குப் பின்னால் ஒரு கம்பி: யாருக்கு ஒளிக்கிறம்?

எங்கட ஆட்களுக்கு இன்னொருவருடைய பல்லைப் பற்றிக் கதைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் மிதந்த பல்லுக்காரருக்கு ஒரு பட்டப்பெயர் கட்டாயம் இருக்கும். கலியாணம் பேசும் வயது வந்ததும் அதே பல்லைப் பற்றி வேறு மாதிரிக் கதைப்பார்கள்: "பிள்ளை வடிவுதான், பல்லுத்தான் கொஞ்சம்…" சரி, திருத்துவம் என்று முப்பது வயதில் கம்பி போட்டால் அதற்கும் கதை வரும்: "இந்த வயசில என்ன ஸ்ரைல் வேண்டிக்கிடக்கு?" வரிசையில்லாவிட்டாலும் குற்றம், வரிசையாக்கினாலும் குற்றம்.

இந்த இரண்டு கதைக்கும் நடுவில் அகப்பட்டவர்களுக்குத்தான் பல்லின் பின்பக்கத்தில், நாக்குப் பக்கமாக ஒட்டுகிற கம்பி விற்கப்படுகிறது. 'லிங்குவல் பிறேஸஸ்' என்பார்கள். முன்னால் நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல கண்டுபிடிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகக் கொடுக்கிற மேலதிகக் காசும் படுகிற மேலதிக நோவும் பெரும்பாலும் எங்கட பல்லுக்கானது இல்லை, மற்றவர்களின் வாய்க்கானது என்பதுதான் என் கட்சி.

இது தொடங்கின கதையிலேயே அந்த வித்தியாசம் தெரியும். 1970களில் இரண்டு பேர் தனித்தனியாக இந்த வேலையில் இறங்கினார்கள். ஜப்பானில் கின்யா புஜிற்றா. தற்காப்புக் கலை பயில்கிறவர்களுக்கு முகத்தில் அடி விழுந்தால் முன்பக்கக் கம்பி உதட்டையும் கன்னத்தையும் கிழித்துவிடும் என்பதற்காக அவர் கம்பியை உள்ளே கொண்டுபோனார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிறேவன் கேர்ஸ். தோற்றத்தை வைத்துத் தொழில் செய்கிறவர்களும் வளர்ந்தவர்களும் அவரிடம் வெளியே தெரியாத கம்பி கேட்டார்கள். ஒருவர் காயத்துக்கு அஞ்சிச் செய்தார். மற்றவர் ஊர்க் கண்ணுக்கு அஞ்சினவர்களுக்காகச் செய்தார்.

கம்பி முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் செய்கிற வேலை ஒன்றுதான். பல்லை மெல்ல, விடாமல் அழுத்தும். பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைய, விட்டுப்போன பக்கத்தில் புது எலும்பு வளரும். நகர்வு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர்தான். முரசும் எலும்பும் சுகமாக இருந்தால் நாற்பது வயதிலும் இது நடக்கும், ஐம்பதிலும் நடக்கும். "வயசு போட்டுது, இனிப் பல்லு அசையாது" என்பது பொய்.

பிறகு ஏன் பின்பக்கக் கம்பிக்கு இவ்வளவு விலை? பல்லின் முன்பக்கம் ஓரளவு எல்லாருக்கும் ஒரே மாதிரி, வழுவழுப்பாக இருக்கும். பின்பக்கம் ஆளுக்காள், பல்லுக்குப் பல் வேறுபடும். எனவே ஒவ்வொரு பல்லுக்கும் அளவெடுத்துச் செய்யவேண்டும். ஜேர்மனியில் டேர்க் வீக்மான் உருவாக்கிய 'இன்கொக்னிற்றோ' முறையில் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகப் பொன் கலந்த உலோகத்தில் வார்க்கிறார்கள், கம்பியை றோபோ வளைக்கிறது. அந்தப் பெயரின் பொருளே 'ஆளைக் காட்டாமல்' என்பதுதான். வைத்தியருக்கும் கண்ணாடியைப் பார்த்துச் செய்கிற வேலை. நேரம் கூட எடுக்கும், பயிற்சி பெற்றவர்களும் குறைவு. இதெல்லாம் சேர்ந்துதான் விலையில் ஏறுகிறது.

காசுக்கு மேல் நாக்கும் ஒரு விலை கொடுக்கும். இப்போதே 'த', 'ந' என்று சொல்லிப் பாருங்கோ. நாக்கு எங்கே போய் முட்டுகிறது? மேற்பல்லின் அடியில், கிட்டத்தட்ட அந்தக் கம்பி இருக்கப்போகிற இடத்தில். தகாரமும் நகாரமும் அங்கேதான் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்லி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'டீ' என்ற எழுத்தைச் சொல்லும்போது நாக்கு பல்லை விட்டுக் கொஞ்சம் மேலே தட்டும். தமிழ் கதைக்கிறவருக்கோ 'தம்பி', 'தந்தது', 'நாங்கள்' என்று போகிற இடமெல்லாம் உலோகம் தட்டுப்படும். முதல் கிழமைகளில் நாக்கு புண்படும், 'ச' சீறும். கனபேருக்குச் சில கிழமைகளில் பழகிவிடும் என்பது உண்மை. ஆனால் வகுப்பெடுக்கிற ரீச்சருக்கோ நாள் முழுக்கத் தொலைபேசியில் கதைக்கிறவருக்கோ அந்தச் சில கிழமை சின்ன விசயமில்லை. கண்ணுக்கு ஒளித்தது காதில் பிடிபடும். துலக்குவதும் கஷ்டம், பிறஷ் போகிற இடம் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "அப்ப வளர்ந்த ஆட்கள் ஏன் கம்பி போடுவான்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வடக்கு கிழக்கில் இது வெறும் ஸ்ரைல் விசயமில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளை இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2009 இல் வன்னியில் அதே வயதில் இருந்த பிள்ளை முப்பதுக்குக் கிட்ட வந்துவிட்டது. பாற்பல் விழுந்து நிரந்தரப் பற்கள் வந்து சேருகிற வயது அது. கம்பி போட வசதியான வயதும் அதுதான். பங்கருக்குள் இருந்த பிள்ளையின் பல் வரிசையை யார் பார்த்தது? சண்டை இல்லாத காலத்திலும் ஏழை வீடுகளில் இதே கதைதான். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை இலவசம், ஆனால் நிபுணர் இருப்பது பெரிய வைத்தியசாலைகளில். வரிசை நீளம், வளர்கிற பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அந்த முன்னுரிமை நியாயமானது. ஆனால் அப்போது தவறவிட்டவர்கள் உழைக்கத் தொடங்கின பிறகு தங்கட காசில்தான் செய்கிறார்கள். பிந்தி வந்த சிகிச்சையை ஆடம்பரம் என்று பகிடி பண்ண எங்களுக்கு என்ன உரிமை?

பின்பக்கக் கம்பி உண்மையிலேயே தேவைப்படுகிற ஆட்களும் இருக்கிறார்கள். கராத்தே, பொக்சிங் செய்கிறவர்கள். உதட்டை வைத்து வாசிக்கிற கலைஞர்கள்: அளவெட்டியிலோ இணுவிலிலோ ஒரு நாதஸ்வரக்காரருக்கு முன்பக்கக் கம்பி என்றால் சீவாளியைப் பிடிக்கிற உதட்டுக்குள் ஒவ்வொரு நாளும் காயம்தான். சரியாகத் துலக்காமல் முன்பக்கக் கம்பியைச் சுற்றி விழுகிற வெள்ளைத் தழும்புகள் கம்பி கழட்டின பிறகும் சிரிப்பில் தெரியும், பின்பக்கத்தில் அந்தக் கவலை குறைவு. இப்படிக் காரணம் இருந்தால் போடுங்கோ. "எனக்குக் காட்ட விருப்பமில்லை" என்பதும் ஒரு காரணம்தான், அதை நான் குறை சொல்லமாட்டன். காட்ட ஏலாமல் இருக்கு என்றால்தான் பிரச்சினை உங்களிலும் இல்லை, கம்பியிலும் இல்லை.

இந்த வெட்கத்தை வைத்து வியாபாரமும் நடக்கிறது. வெளியே தெரியாத இன்னொரு வகை, கழட்டிப் போடுகிற பிளாஸ்ரிக் அலைனர். நல்ல வைத்தியர் பார்த்துச் செய்தால் பல பேருக்குச் சரிவரும். ஆனால் வைத்தியரை நேரே காணாமல் தபாலில் அலைனர் அனுப்பின 'ஸ்மைல் டிரெக்ற் கிளப்' என்ற அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் இழுத்து மூடினபோது, பாதிப் பல் நகர்ந்த நிலையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். "யாருக்கும் தெரியாமல், வீட்டிலிருந்தே" என்ற விளம்பரத்தைக் கண்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கோ.

எந்தக் கம்பி என்று முடிவெடுக்க முதல் வைத்தியரிடம் நாலு கேள்வி கேளுங்கோ. என்ர பல்லுக்கு இது உண்மையில் தேவையா? கடிக்கவும் துலக்கவும் தடையில்லாமல், உங்களுக்கும் மனக்குறை இல்லாமல் ஒரு பல் லேசாக ஏறி நிற்பது நோயில்லை. பின்பக்கக் கம்பி எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீங்கள்? நடுவில் நான் வெளிநாடு வெளிக்கிட்டால் இதை யார் தொடர்ந்து பார்ப்பது? எங்கட வயதுக்காரருக்கு இது சின்னக் கேள்வியில்லை. கம்பி கழட்டின பிறகு ரிற்றெய்னர் எவ்வளவு காலம் போடவேண்டும்? அதை விட்டால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும், கொட்டின காசும் அதோடு போகும்.

இன்னொரு பக்கம், கம்பி போடாத எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அதற்குக் காசு செலவில்லை. ஒன்றுகூடலில் ஒரு அக்காவோ அண்ணாவோ முன்பல்லில் கம்பியோடு சிரித்தால், கம்பியைப் பற்றிக் கேட்காமல் வந்த விசயத்தைக் கதையுங்கோ. கலியாணப் பேச்சில் யாராவது பல்லை இழுத்தால், "அதை விடுங்கோ மாமி" என்று சொல்லுங்கோ. வெளியே தெரிகிற கம்பி ஊரில் சாதாரணமாகிவிட்டால், பின்பக்கக் கம்பியை நாதஸ்வரக்காரரும் கராத்தேக்காரரும் விரும்பினவர்களும் போடுவார்கள். மற்ற எல்லாரும் குறைந்த காசில், புண்படாத நாக்கோடு, வாய் நிறையத் தமிழ் கதைத்துக்கொண்டு திரியலாம்.