விமர்சகருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

சினிமா விமர்சனம் எழுதுகிறேன் என்று சொன்னால் குன்றத்தூரில் அடுத்த கேள்வி, "அது சரி சார், வேலைக்கு எங்க போறீங்க?" என்பதுதான். போரூரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன் என்றதும் நிம்மதியாகிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் விமர்சனம் மட்டுமே எழுதிக் குடும்பம் நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெரிய பெயர்களையே பாருங்கள். படங்களைத் தாட்சண்யம் பார்க்காமல் விமர்சித்த கல்கி, விகடனில் ஆசிரியர். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை உயர் அதிகாரி. ராண்டார் கை வக்கீலாகத் தொடங்கியவர். 2023இல் மறைந்த அவர் இந்து நாளிதழில் எழுதிய பத்தி இல்லாவிட்டால், பிரதியே மிஞ்சாத பல படங்களின் கதைகூட நமக்குத் தெரிந்திருக்காது. 1977இல் '16 வயதினிலே'வுக்கு 62.5 மார்க் போட்டது விகடன். மார்க்குக்குப் பின்னால் ஒரு பத்திரிகை நின்றது. தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டாலும் எழுதியவரின் வீட்டில் உலை கொதித்தது.

இப்போது? வெள்ளிக்கிழமை ஷேர் ஆட்டோவில் அனகாபுத்தூர், பம்மல் தாண்டிப் பல்லாவரம். அங்கிருந்து குரோம்பேட்டை வெற்றி தியேட்டர். டிக்கெட் என் காசு. செல்போன் வெளிச்சம் பின்சீட்டுக்காரருக்குத் தொந்தரவு என்பதால் சின்ன நோட்டில் பார்க்காமலே கிறுக்குவேன். வரிமேல் வரி ஏறியிருக்கும். 'இடைவேளைக்கு முன் அம்மா' என்று இருக்கும். அம்மா என்ன செய்தாள் என்பது மட்டும் படிக்க வராது. அதற்குள் யூடியூபில் தீர்ப்பே வந்திருக்கும்.

இலவச ப்ரிவ்யூவுக்கும் போயிருக்கிறேன். சமோசா நன்றாகவே இருக்கும். முடிந்ததும் இயக்குநரே வாசலில் நின்று கையைப் பிடித்து, "எப்படி சார் இருக்கு?" என்பார். வருஷக்கணக்கில் உழைத்தவரின் கையைப் பிடித்தபடி, இரண்டாம் பாதி தேறாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் டிக்கெட்.

2024 நவம்பரில் 'கங்குவா' படம் வந்து விமர்சனங்களில் அடி வாங்கிய பிறகு, தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்களை விடாதீர்கள் என்றார்கள் தயாரிப்பாளர்கள். முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று வழக்கும் போட்டார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு. தரக்குறைவாகத் திட்டுகிறார்கள் என்ற புகாரில் நியாயம் உண்டுதான். ஆனால் படத்துக்கு விளம்பரம் வாங்கிக்கொண்டு அதே படத்துக்கு விமர்சனமும் போடுகிறவர்களைப் பற்றி ஏன் யாரும் வழக்குப் போடவில்லை?

கிரிக்கெட்டுக்கென்று நிருபர் வைத்திருக்கும் நாளிதழ்கள் சினிமாவுக்கும் ஒரு விமர்சகரை மாதச் சம்பளத்தில் வைக்கட்டும். டிக்கெட் காசை அலுவலகமே கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை மதியமே கட்டுரை வேண்டும் என்று நெருக்காமல் திங்கள்வரை விடட்டும். முக்கியமாக, விமர்சிக்கும் படத்தின் நாயகனிடமே பேட்டி வாங்கி வரும் வேலையை அவர் தலையில் கட்ட வேண்டாம்.