கேட் தாண்டி வரும் வேலை

ஓசூரில் நேரத்துக்குப் பஞ்சமே வரக் கூடாது. நாட்டுக்கே கடிகாரம் செய்து கொடுத்த ஊராயிற்றே! டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன், தன் கடிகாரத் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. ஆனால் இந்த ஊரில் யாரிடம் பேசினாலும் வரும் பதில் ஒன்றுதான். "எங்கப்பா நேரம்?"

காரணம் கேட்டால் எல்லோரும் செல்போனைக் கை காட்டுகிறார்கள். மருந்தும் தயாராக இருக்கிறது. 'வீட்டுக்கு வந்ததும் போனை ஆஃப் பண்ணிட்டுக் குடும்பத்தோட பேசுங்க.' இந்த அறிவுரையை நானும் பல இடங்களில் படித்துவிட்டேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1970களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட், அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் என்று ஆலைகள் வரிசை கட்டின. ஊரின் நாள் ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்டாகப் பிரிந்தது. ஷிஃப்ட் முடிந்தால் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போன ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால், கம்பெனியிலிருந்து ஒருவர் வண்டியில் வந்து கதவைத் தட்ட வேண்டும். அது சிரமமான காரியம். அதனால் உண்மையிலேயே அவசரம் என்றால் மட்டும்தான் தட்டினார்கள். அந்தச் சிரமம்தான் தொழிலாளிக்குப் பாதுகாப்பாக இருந்தது. வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தச் சிரமம் போய்விட்டது, பாதுகாப்பும் கூடவே போய்விட்டது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) லைன் சூப்பர்வைசர். சி ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பார். பத்து மணிக்கு குரூப்பில் ஒரு போட்டோ வரும். 'ராத்திரி இவ்வளவு ரிஜெக்‌ஷன் ஏன்?' தூக்கக் கலக்கத்தில் பார்த்துவிட்டால் நீலக் கோடு விழுந்துவிடும். பதில் போடாவிட்டால் அன்று ராத்திரி கேள்வி வரும், "பார்த்துட்டும் ஏன் சும்மா இருந்தீங்க?" அவர் மனைவி சொல்வது: "வீட்லதான் இருக்கார், ஆனா இல்ல."

அதே அண்ணனுக்கு நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல் அதிகமாகிவிட்டது. அண்ணி போன் மேல் போன் போட்டார். அண்ணனின் போன் லாக்கரில் கிடந்தது. பல ஆலைகளில் உற்பத்தி நடக்கும் இடத்துக்குப் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. விபத்து நடக்கும், கேமராவில் ரகசியம் வெளியே போகும் என்று நியாயமான காரணங்களும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்தான் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் விடிந்த பிறகு!

நான் சொல்ல வருவது இதைத்தான். 'எப்போதும் இணைந்திருக்கும் உலகம்' என்கிறோம். யாருக்கு இணைப்பு? கேட்டுக்கு உள்ளே வீடு போக முடியாது. கேட்டுக்கு வெளியே வேலை எப்போது வேண்டுமானாலும் வரலாம். இது ஒருவழிப் பாதை. பாதையின் திசையைத் தீர்மானிப்பவர் முதலாளி என்றிருக்கும்போது, 'போனை ஆஃப் பண்ணு' என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்வதில் என்ன பயன்? ஆஃப் பண்ணினால் மெமோ வருமே!

எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வரும் ஐ.டி. நண்பர்களுக்கும் இதே கதைதான். ஆனால் அவர்கள் கஷ்டமாவது பத்திரிகையில் வருகிறது. ஷிஃப்ட் ஆட்களுடையது அவ்வளவாக வருவதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் நாளைக்கு 8 மணி, மேலே போனால் இரட்டிப்பு ஊதியம். ஆனால் நடைமுறையில் இந்த மணிக்கணக்கு பஞ்ச் மெஷினில் தொடங்கிப் பஞ்ச் மெஷினில் முடிகிறது. வீட்டில் போட்ட பதிலுக்குக் கணக்கு இல்லை, ஓ.டி.யும் இல்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் புதிய சட்டத்தின் கணக்கில் 'தொழிலாளி'யே அல்ல. போன் அதிகம் அடிப்பதோ அவருக்குத்தான்.

நேர வரம்பு தமிழ்நாட்டில் எவ்வளவு உணர்ச்சிகரமான விஷயம் என்பதை 2023-ல் பார்த்தோம். அந்த ஆண்டு பிப்ரவரியில், ஜூஜூவாடி தாண்டினால் வரும் கர்நாடகம், வாரத்துக்கு 48 என்ற வரம்பை வைத்துக்கொண்டே ஒரு நாள் வேலையை 12 மணி வரை நீட்டும் திருத்தத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 21-ல் நம் சட்டமன்றத்திலும் அதே மாதிரி மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று, சென்னை மே தினப் பூங்காவில், திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923 மே 1. சரியாக நூறு வருடம்!

சந்தோஷம்தான். ஆனால் முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருக்கிறோம். எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கினால் கொதிக்கிற நாம், மிச்சமிருக்கும் நேரம் வாட்ஸ்அப்பில் கரைவதைப் பற்றிப் பேசுவதில்லை.

மற்ற நாடுகள் பேச ஆரம்பித்துவிட்டன. பிரான்சில் 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று 2017 ஜனவரி 1 முதல் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை, நியாயமில்லாத மறுப்பாக இல்லாதவரை, ஊழியர் மறுக்கலாம். நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018-ல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார். ஆனால் 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. அதற்காகக் காத்திருந்தால் அந்த அண்ணனின் மகள் காலேஜ் முடித்துவிடுவாள்.

"மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது? கூப்பிடத்தானே வேண்டும்?" என்று மெயின்டனன்ஸ் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. லைன் ஒரு மணி நேரம் நின்றால் நஷ்டம் பெரிது. ஆனால் டாக்டர்களுக்கு டியூட்டி முறை இருப்பது போல இங்கேயும் வைக்கலாமே? இந்த வாரம் இவர் என்று முன்கூட்டியே பட்டியல் போடுங்கள். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அதற்கொரு படி கொடுங்கள். மற்றவர்களை விட்டுவிடுங்கள். ரிஜெக்‌ஷன் கணக்கெல்லாம் ஷிஃப்ட் மாறும்போது நோட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், அதற்குக் கால் மணி நேரச் சம்பளம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. நேரம் கழித்து வந்த மெசேஜுக்குப் பதில் இல்லை என்று மெமோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்துக்கு ஒரு நம்பர் வேண்டும். அதில் பேசினால் ஐந்து நிமிடத்தில் ஷாப் ஃப்ளோரில் இருப்பவர் காதுக்குப் போக வேண்டும்.

இதற்கெல்லாம் பாராளுமன்றம் வேண்டாம். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் சங்கங்கள் சம்பள உயர்வோடு இந்த நான்கு வரிகளையும் எழுதிக் கேட்கலாம். சங்கம் இல்லாத சூப்பர்வைசருக்கும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது.

போன் மேல் எனக்குக் கோபம் இல்லை நண்பர்களே. ஊரில் இருக்கும் அம்மா முகத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பார்க்க முடிவது சின்ன விஷயமா? ஆனால் வேலை வீட்டுக்குள் வர அனுமதி உண்டென்றால், வீடும் வேலைக்குள் வர வழி வேண்டும். இல்லையென்றால் இரண்டும் அதனதன் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும்.